மாத்திரையால் கருக் கலையும்போது: எது வழமை, எது ஆபத்து, எப்போது ஆற்றைக் கடக்க வேண்டும்

ஒன்பதாவது கிழமையில் எனக்குக் கரு தங்கவில்லை. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். வாட்டில் வைத்து மாத்திரை தந்தார்கள், அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள். அந்த மாத்திரை உடம்பை என்ன செய்யும், எத்தனை நாள் இரத்தம் போகும், எந்த அறிகுறிக்குத் திரும்பி ஓடி வர வேண்டும் என்று ஒருவரும் இருந்து சொல்லவில்லை. பத்தாம் நாள் காய்ச்சலோடு திரும்பவும் போய்ப் படுத்தேன். இரண்டாவது முறை என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் நிலைமை என்னுடையதைவிட மோசம். யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுவிட்டு, பயத்தில் நான்கு நாள் வீட்டுக்குள் கிடந்துவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் படுவான்கரைப் பக்கத்தில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறேன். நாங்கள் ஆறு என்று சொல்லும் அந்த வாவியைக் கடந்துதான் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அதனால் வழி, வாகனம் எல்லாம் எங்கள் ஊர்க் கணக்கில் வரும். அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் கிழமையைச் சரியாக எண்ணுங்கள்

கருவின் வயதைக் கடைசித் தீட்டு வந்த முதல் நாளில் இருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிப்போன அன்றிலிருந்து எண்ணக்கூடாது. "நாள் தள்ளி இரண்டு கிழமைதான்" என்று நாம் சொல்லும்போது வைத்தியரின் கணக்கில் அது ஆறு கிழமை. மாத்திரை எவ்வளவு வேலை செய்யும், எவ்வளவு இரத்தம் போகும், வீட்டில் இருக்கலாமா வாட்டில் இருக்க வேண்டுமா என்பதெல்லாம் இந்தக் கிழமைக் கணக்கில்தான் தங்கியிருக்கிறது. 12 கிழமைக்குப் பிறகு ஆபத்து கூடிக்கொண்டே போகும். கலண்டரில் திகதியைக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால், அந்த மாதம் நடந்த கோயில் திருவிழா, கலியாண வீடு எதையாவது வைத்து நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு போங்கள். ஓபிடியில் முதல் கேட்கும் கேள்வி அதுதான்.

2. ஸ்கேன் இல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம்

ஸ்கேன் இரண்டு விஷயத்துக்காக வேண்டும். முதலாவது, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க. நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு குழாயில் தங்கிவிடும். குழாய்க் கர்ப்பத்தை இந்த மாத்திரை கலைக்காது. இரத்தம் போவதைப் பார்த்து "கலைந்துவிட்டது" என்று நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே குழாய் வெடித்துவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்மூட்டு நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், இந்த மூன்றில் எது வந்தாலும் ஸ்கேன் திகதி வரும்வரை பொறுத்திருக்காமல் உடனே போங்கள்.

இரண்டாவது, துடிப்பு உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதிசெய்ய. ஆறு கிழமைக்கு முன் ஸ்கேன் செய்தால் துடிப்புத் தெரியாமலே போகலாம். கருவின் நீளம் 7 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், துடிப்பு இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க மாட்டார்கள். ஒரு கிழமையாவது கழித்துத் திரும்ப ஸ்கேன் செய்வார்கள். எனக்குப் பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் காத்திருப்பு தேவை. உங்களுக்கும் அப்படிச் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள், வேறு இடத்தில் மாத்திரை தேடியும் போகாதீர்கள்.

துடிப்பு நின்றது உறுதியானால் மூன்று வழி சொல்வார்கள்: தானாகப் போகும்வரை பார்த்திருப்பது, மாத்திரை வைப்பது, கழுவிவிடுவது (உள்ளே இருப்பதை வைத்தியர் கருவியால் எடுப்பது). இரத்தம் நிறையப் போகாமல், காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மூன்றில் எதையும் எடுக்கலாம். விஓஜி (பெண் நோயியல், மகப்பேற்று நிபுணர்) வாட்டு சுற்றி வரும்போது உங்கள் விருப்பத்தை வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லாமல் நின்றேன், அவர்களே முடிவெடுத்தார்கள்.

3. சட்டம்

இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி மற்றதெல்லாம் குற்றம். 3 வருடம் வரை சிறை, பிள்ளையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும். தானாகத் துடிப்பு நின்ற கருவை வைத்தியசாலையில் மாத்திரை வைத்து வெளியேற்றுவது இந்தக் குற்றத்துக்குள் வராது. பாதி கலைந்து இரத்தம் போகும் பெண்ணுக்குச் சிகிச்சை கொடுப்பதும் வராது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் வைத்தியசாலை வாசலுக்கு வரவே பயப்படுகிறார்கள்.

4. கையில் கொண்டுபோக வேண்டியவை

அடையாள அட்டை. பதிந்திருந்தால் கர்ப்பவதி அட்டை. செய்த ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம், பழையதும் சேர்த்து. இரத்த வகை எழுதிய துண்டு. வேறு வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர்கள் என்றால் அந்தக் கொப்பி, குடிக்கும் மருந்தின் பெட்டி. சிகிச்சை எடுக்கக் கலியாணச் சான்றிதழ் தேவையில்லை, புருஷன் கூட வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளை இந்த இரண்டையும் நினைத்துத்தான் இரண்டு நாளைக் கடத்தியிருக்கிறாள்.

துணியில் இரண்டு மாற்று, பெரிய பேட் இரண்டு பாக்கெட், ரப்பர் சீற், துவாய், சுடுதண்ணிப் போத்தல். பேட்டை வைத்தியசாலைக்கு முன்னால் இருக்கும் கடையில் வாங்கலாம் என்று போனேன். இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டியிருந்தது.

5. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை

இரத்த வகை நெகட்டிவ் என்றால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்குப் பிரச்சினை வராமல் இருக்க அன்ட்டி-டி ஊசி தேவையா என்று பார்ப்பார்கள். கர்ப்பம் எத்தனை கிழமை என்பதையும் எப்படிக் கலைந்தது என்பதையும் வைத்து அதை முடிவெடுப்பார்கள். போடுவதென்றால் 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.

லூப் போட்டிருந்தால், முன்பு சிசேரியன் செய்திருந்தால், இரத்தம் உறையாத வருத்தம் இருந்தால், இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை குடித்தால், முட்டு வருத்தத்துக்கோ (ஆஸ்துமா) மூட்டு வாதத்துக்கோ நெடுநாளாக ஸ்டீரொய்ட் எடுத்தால், இரத்தச்சோகை இருந்தால், இவை எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஹீமோகுளோபின் குறைந்த பெண்கள் நிறையப் பேர். 8, 9 என்று இருப்பவருக்கு, மற்றவருக்குத் தாங்கக்கூடிய இரத்தப்போக்கே ஆபத்தாக முடியும்.

6. மாத்திரை வைத்த அன்று என்ன நடக்கும்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறையில் இரண்டு மருந்து இருக்கிறது. மிஃபெப்ரிஸ்டோன் கருவைத் தாங்கும் ஹோமோனை மறிக்கிறது. ஒன்று இரண்டு நாள் கழித்துக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டோல் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. எனக்குத் தந்தது மிசோப்ரோஸ்டோல் மட்டும்தான். துடிப்பு நின்ற கருவுக்கு அது தனியாகவே நூறில் ஏறத்தாழ எண்பது பேருக்கு வேலையை முடித்துவிடும். மற்றவர்களுக்கு இன்னொரு முறை மாத்திரையோ கழுவலோ தேவைப்படும். நான் அந்த மற்றவர்களில் ஒருத்தி.

பின்னேரம் நான்கு மணிக்கு வைத்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கியது. மாசி மாதம், காற்றாடி நிப்பாட்டியிருக்கிறது, இரண்டு போர்வை மேலே கிடக்கிறது, என்றாலும் பல்லோடு பல் அடித்தது. கட்டில் கம்பி கிணுகிணுவென்று சத்தம் போட்டது இப்போதும் காதில் இருக்கிறது. மாமி பயந்துபோய் நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட ஓடினா. மிஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மருந்துட குணம் மனே, ரெண்டு மூணு மணித்தியாலத்தில அடங்கிரும்" என்றா. அந்த ஒரு வசனம் முன்னமே கிடைத்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அதனால் நான் உங்களுக்கு முன்னமே சொல்கிறேன். நடுக்கம், காய்ச்சல், ஓங்காளம், சத்தி, வயிற்றோட்டம், தலைசுற்று, எல்லாம் அந்த மாத்திரையின் பக்கவிளைவுகள். ஒரு நாளுக்குள் போய்விடும். இரத்தம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மணித்தியாலத்துக்குள் தொடங்கும், சிலருக்கு இன்னும் பிந்தும். வலி தீட்டு வலியைவிடக் கடுமை, அலை அலையாக வந்து போகும். கட்டி கட்டியாகப் போகும். உள்ளே இருந்தது வெளியே வந்ததும் வலி சட்டென்று குறையும். 24 மணித்தியாலம் கடந்தும் இரத்தமே வரவில்லை என்றால் மாத்திரை வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது கரு வேறு இடத்தில் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

வலிக்கு இபுபுரூஃபன் நன்றாகக் கேட்கும். பரசிற்றமோலுக்கு இந்த வலி பெரிதாக அடங்காது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் மழைக்காலத்தோடு டெங்கு வரும். மார்கழியிலிருந்து மாசி வரை காய்ச்சல் என்றாலே அந்தச் சந்தேகம் இருக்க வேண்டும். முதல் நாள் நடுக்கக் காய்ச்சல் அடங்கிய பிறகு திரும்பக் காய்ச்சல் வந்தால் இபுபுரூஃபனையும் டைக்ளோஃபெனக்கையும் தொடாதீர்கள், பரசிற்றமோல் மட்டும் போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதியுங்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. வயிற்றோட்டமும் இரத்தமும் ஒன்றாகப் போகும் உடம்புக்கு அது கேடு. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), இளநீர், கஞ்சி என்று தாராளமாகக் குடியுங்கள். மாமிமார் மறுத்தால் மிட்வைஃபைச் சொல்ல வையுங்கள், அவ சொன்னால் கேட்பார்கள்.

7. பேட் கணக்கு

"நிறைய இரத்தம்" என்று ஆளுக்கொரு அளவு சொல்வோம். வைத்தியர்களிடம் இருக்கும் அளவு இது: பெரிய பேட் இரண்டு ஒரு மணித்தியாலத்தில் முழுதாக நனைந்து, அடுத்த மணித்தியாலத்திலும் அதே மாதிரி இரண்டு நனைந்தால் அது ஆபத்து. காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு கிழிந்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், பேட் மாற்றிய ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் பென்சிலால் எழுதினேன். 6.10, முழு. 8.30, பாதி. 11.00, கொஞ்சம். பத்தாம் நாள் அந்தத் தாளைத்தான் வைத்தியர் வாங்கிப் பார்த்தார், வாயால் நான் சொன்னதை அவ்வளவு கவனிக்கவில்லை. நீங்களும் எழுதுங்கள்.

ஒளிக்காமல், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய மற்ற அறிகுறிகள்: 38 பாகைக்கு மேல் காய்ச்சல் ஒரு நாள் கடந்தும் நிற்காமல் இருப்பது, அல்லது நின்று திரும்ப வருவது. கெட்ட வாடையோடு நீர் போவது. மாத்திரை போட்டும் தணியாத வயிற்று வலி. வயிற்றைத் தொட்டால் வலிப்பது. கண் இருட்டி விழுவது. நெஞ்சு படபடத்து, கைகால் குளிர்ந்து வியர்ப்பது. எனக்கு வாடைதான் முதலில் வந்தது. "கழிவுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு நாள் விட்டேன். உள்ளே துண்டு தங்கிக் கிருமி பிடித்திருந்தது. கழுவி, ஊசி மருந்து ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

8. இரவு வந்தால் எப்படிப் போவது

மாத்திரை வைத்து வீட்டுக்கு வருவதற்கு முன்னமே இதைத் தீர்மானித்து வையுங்கள். மண்டூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் பகலில் பாதை (மிதவைப் படகு) ஏறிக் குருமண்வெளித் துறைக்கு வந்து பழகியவர்கள். இருட்டிய பிறகு அது உதவாது, பட்டிருப்புப் பாலத்தால்தான் களுவாஞ்சிகுடிக்கு வர வேண்டும். யானை நிற்கும் என்று ஓட்டோக்காரர்கள் இரவில் வரத் தயங்குவார்கள். முடிந்தால் முதல் ஒரு கிழமை எழுவான்கரையில், வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு நான் குருக்கள்மடத்தில் சின்னம்மா வீட்டில் தங்கினேன்.

1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழில் பேசலாம். கிராம சேவையாளர் பிரிவு, கிட்ட இருக்கும் கோயில் அல்லது பள்ளிக்கூடத்தின் பெயர், "கர்ப்பவதி, இரத்தம் போகிறது" என்பதை முதலில் சொல்லுங்கள்.

எந்த வைத்தியசாலை? மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. தெற்கே களுவாஞ்சிகுடி, வடக்கே வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள். அம்பாறை மாவட்டத்தில் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அக்கரைப்பற்று, அம்பாறை பொது வைத்தியசாலை. கிட்ட இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சேலைன் ஏற்றி அங்கிருந்து அனுப்புவார்கள். இரத்தம் கடுமையாகப் போகும்போது தூரத்தில் இருக்கும் பெரிய இடத்தைத் தேடி ஒரு மணித்தியாலத்தைத் தொலைக்காதீர்கள்.

9. வெளியில் வாங்கிய மாத்திரையைப் போட்டுவிட்டீர்கள் என்றால்

இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. என்ன நிலைமையில் ஒரு பெண் அந்த முடிவுக்கு வருகிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பெட்டி இல்லாமல், அட்டையில் இருந்து பிரித்துக் கடதாசியில் சுற்றித் தரும் மாத்திரை எது என்று தருகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். உண்மையான மிசோப்ரோஸ்டோலாக இருந்தாலும் அது ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பிரித்து வைத்த மாத்திரை பாதி வேலைதான் செய்யும். பாதி வேலை என்பதுதான் கூடிய ஆபத்து. துண்டு உள்ளே தங்கும், அல்லது கரு தொடர்ந்து வளரும். இந்த மருந்து பட்டு வளரும் பிள்ளைக்குக் கைகால், முக நரம்புகளில் குறை வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே "இரத்தம் வந்தது, முடிந்தது" என்று நினைத்து விட்டுவிடாமல் கட்டாயம் ஸ்கேன் செய்து பாருங்கள்.

போஸ்டினோர் கருக்கலைக்கும் மாத்திரை அல்ல. உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போட்டால் கரு தங்காமல் தடுக்க உதவும், தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. அதை நாலைந்தாக விழுங்கியவர்களும் இருக்கிறார்கள். பப்பாசி, அன்னாசி, எள்ளு என்று நாளைக் கடத்தாதீர்கள். உள்ளே எதையாவது செருகுவது கர்ப்பப்பையைக் கிழிக்கும், ஏற்புவலி (டெட்டனஸ்) வரை கொண்டுபோகும்.

வைத்தியசாலைக்குப் போனால் என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு, வாயாலா கீழேயா என்று வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு முன்னால் பேச விருப்பமில்லை என்றால் திரையை இழுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தானாகக் கலைந்ததோ மாத்திரையால் கலைந்ததோ, தங்கியதை எடுப்பதும் இரத்தம் ஏற்றுவதும் கிருமிக்கு மருந்து கொடுப்பதும் ஒரே சிகிச்சைதான். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரே மருந்துதான் ஏறியது. வந்த அன்று அவளுடைய உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது, தாய் கட்டில் ஓரத்தில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தா. இரண்டு பாக்கெட் இரத்தம் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். முதல் நாளே வந்திருந்தால் ஒரு இரவோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

வீட்டில் அடி, மிரட்டல் இருக்கிறது என்றால் 1938 மகளிர் உதவி இலக்கம்.

10. செலவு

அரச வைத்தியசாலையில் மாத்திரை, ஸ்கேன், கழுவல், இரத்தம், தங்கல் எதற்கும் காசு இல்லை. எனக்குக் காசு போனது வெளியில்தான். அவசரப்பட்டுத் தனியாரிடம் செய்த முதல் ஸ்கேனுக்கும் வைத்தியருக்கும் சேர்த்து 5,000 ரூபாவுக்குக் கிட்ட. இரண்டு முறை இரவு ஓட்டோ 6,000. பேட், ஜீவனி, சாப்பாடு 3,000. கையில் 15,000 ரூபா ஒதுக்கி வைத்தால் கடன்படாமல் சமாளிக்கலாம்.

11. பிறகு வரும் கிழமைகள்

இரத்தம் இரண்டு கிழமை வரை குறைந்துகொண்டே போகும், அடுத்த தீட்டு வரை இடைக்கிடை பொட்டுப் பொட்டாகவும் படலாம். தீட்டு நான்கிலிருந்து எட்டுக் கிழமைக்குள் வரும். சிறுநீர்ப் பரிசோதனை மூன்று நான்கு கிழமை வரை இரண்டு கோடே காட்டக்கூடும், அதைப் பார்த்து நான் ஒரு இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் காட்டினால் ஸ்கேன் செய்யுங்கள். துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ரிப்போர்ட் எடுக்கும் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தீட்டு வருமுன்னமே, எட்டுப் பத்து நாளிலேயே கூட, திரும்பக் கரு தங்கலாம். உடனே வேண்டாம் என்றால் மிட்வைஃபிடம் கேளுங்கள், மாத்திரை, ஊசி, லூப் எல்லாம் இலவசம். ஒழுங்காக முடிந்த மாத்திரைச் சிகிச்சையால் பிறகு பிள்ளை தங்காமல் போகாது. ஊரில் சொல்வதைக் கேட்டு அந்தப் பயத்தை எடுக்காதீர்கள்.

மனம் கிடந்து உழலும். நான் இரண்டு மாதம் சமையலறைக்குள் நின்று அழுதேன். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம், கிளினிக்கிலும் சொல்லலாம்.

வாட்டை விட்டு வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டை வாங்காமல் வராதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் மெடிக்கல் சான்றிதழையும் அப்போதே கேட்டு எடுங்கள், பிறகு அதற்காக ஒரு நாள் அலைய வேண்டி வரும். கார்ட்டில் இரத்த வகை, கொடுத்த மாத்திரை, அன்ட்டி-டி போட்டதா இல்லையா, எல்லாம் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். இந்த ஐப்பசியில் நான் திரும்பப் பதியப் போனபோது மிட்வைஃப் கையை நீட்டி முதலில் கேட்டது அந்தக் கார்ட்டைத்தான்.